கண்ணாடிச் சாடியும் நள்ளிரவு ஏலமும்

கண்ணாடியின் மீது நமக்குப் பகை ஏதுமில்லை. அந்நூர் அத்தியாயத்தின் 35ஆம் வசனம் இறையொளிக்கு உவமை கூறுகையில் விளக்கைக் கண்ணாடிக்குள் வைத்தே பேசுகிறது. மம்லூக் சுல்தான்கள் காலத்துக் கெய்ரோப் பள்ளிவாசல்களின் எனாமல் விளக்குகள் பலவற்றில் அவ்வசனமே எழுதப்பட்டது. எனவே, இணைய ஏலத்தில் கலைநயமிக்க பூச்சாடிகள் வாங்கிச் சேர்ப்பது ஹராமா என்று கேட்போரிடம், சாடி ஹராமன்று என்றே சொல்கிறோம். அவ்விடையோடு அவர்கள் எழுந்து போய்விடுவதுதான் நம் வருத்தம்.

ஏலமும் ஆகுமானதே. வறுமையால் கையேந்தி வந்த அன்சாரி ஒருவரின் விரிப்பையும் குவளையையும் நபி (ஸல்) அவர்களே ஏலமிட்டு இரண்டு திர்ஹத்துக்கு விற்றுக் கொடுத்த செய்தி அபூதாவூதில் உள்ளது. ஒரு திர்ஹம் வீட்டாருக்கு உணவாயிற்று, மற்றொன்று கோடரியாயிற்று. ஆனால் வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடும் 'நஜ்ஷ்' தடுக்கப்பட்டதாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. இணையத்தில் எதிரே விலை கூட்டுபவர் யார்? விற்பவரின் கூட்டாளியா, அவரே வேறு பெயரிலா? நமக்குத் தெரிய வழியில்லை.

பொருளாவது மெய்யானதா? பிரான்சின் நான்சி நகரத்துக் கலைஞர் எமில் காலே 1904இல் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய சாடிகளை அவரது தொழிற்சாலை அதன் பின்னும் பல்லாண்டுகள் செய்தது. ருமேனியாவில் செய்யப்படும் போலிகளில் அப்பெயரோடு 'டிப்' என்னும் சொல்லும் இருக்கும். 'அவ்வகை' என்பது பொருள். அச்சொல்லைத் தேய்த்து அழித்துவிட்டு அசலென்று விற்போர் உண்டு. தேய்த்த தழும்பு கைப்பேசிப் படத்தில் தெரியுமா?

வரம்பு வைத்துக்கொண்டே அமர்கிறோம் என்பார்கள். எதிராளி ஒரு படி ஏற்றியதும் அவ்வரம்பும் கூடவே ஏறுகிறது. கடைசி நிமிடத்திற்காக நள்ளிரவு தாண்டி விழித்திருந்து பஜ்ரைத் தவறவிடுகிறார்கள். கடன் அட்டையில் கட்டிய தொகை தவணை தவறி வட்டியாகிறது. இதற்குக் கலை ஆர்வம் என்று பெயர்!

ஜகாத்தையும் கேட்போம். அழகுக்காக வாங்கி வைத்த சாடிக்கு ஜகாத் இல்லை. விலை ஏறினால் விற்கும் நிய்யத்தோடு வாங்கியது வியாபாரச் சரக்கு. நிஸாபை எட்டி ஆண்டு நிறைந்தால், அன்றைய விலையில் 2.5 சதவீதம் கடமை. மனைவியிடம் 'இது முதலீடு' என்றும், ஜகாத் கணக்கில் 'வீட்டு அலங்காரம்' என்றும் கூறும் சகோதரர்களைக் காண்கிறோம். இரண்டில் எது என்பதை வரும் ரமழானுக்குள் முடிவுசெய்து, அலமாரியைத் திறந்து எண்ணி எழுதட்டும்.