கைப்பிடி மண்

தண்பொருநையாற்றின் தென்கரையில் விளங்கும் ஆழ்வார்திருநகரி, நம்மாழ்வார் தோன்றிய பெருமையுடையது. அவ்வூரைச் சூழ்ந்து நெல்லும் வாழையும் செழிக்கும் வண்டல் நிலங்கள் உள. அங்கிருந்து தெற்கே திருச்செந்தூர் வட்டாரத்தை நோக்கிச் செல்வார்க்குக் காட்சி முற்றும் மாறிவிடும். செம்மணல் மேடுகளும், அவற்றின்மீது ஆங்காங்கே பனையும் உடைமரமுமே தோன்றும். குதிரைமொழித் தேரி எனப்படும் காட்டுநிலம் அதுவே. மணற்குருணைகளைப் போர்த்தியுள்ள இரும்பு ஆக்சைடே அதன் செந்நிறத்திற்குக் காரணமாம்.

இத்தகைய நிலத்தில் மரம் வளர்க்க விழைவோர், மண்ணின் வளத்தை முதற்கண் அறிய விரும்புவர். ஆய்வுக்கூடத்திற்கு மண் அனுப்பப்படும். சில நாளில் எண்கள் வரும். அவ்வெண்களை நம்பி நட்ட கன்று பட்டுப்போயின், ஆய்வாளரைப் பழிப்பது உலக வழக்கு. ஆயினும், பிழைகளுட் பல ஆய்வுக்கூடத்தின் வாயிலை மண் அடையுமுன்னரே நேர்ந்துவிடுகின்றன.

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது பழமொழி. பானைச் சோறு ஒரே நீரில் ஒரே தீயில் வெந்தது. ஆதலின் ஒரு சோறு போதும். நிலமோ அவ்வாறு கிளறி ஒன்றாக்கப்பட்டதன்று. ஒரு ஹெக்டேர் நிலத்தின் மேல் 15 செ.மீ. மண் ஏறத்தாழ 20 இலட்சம் கிலோ எடையுள்ளது. ஆய்வாளர் குடுவையில் இடுவதோ சில கிராமே. அச்சில கிராம் எங்கிருந்து, எவ்வாறு வந்தது என்பதிலேயே உண்மையும் பொய்யும் அடங்கிக் கிடக்கின்றன.

காட்டுமண்ணில் இவ்விடர் மிகுதி. மரநிழலில் உதிர்ந்த சருகு மட்கிக் கிடக்கும். பத்தடி அப்பால் வெறும் மணலே இருக்கும். நிழலில் மட்டும் மண் எடுத்தவன் வறிய காட்டைச் செல்வக் காடாக்கிவிடுவான். மேலே கிடக்கும் சருகை நீக்காது அள்ளினும் அதே விளைவுதான். சருகடுக்கையும் அதன் கீழுள்ள மண்ணையும் தனித்தனியே எடுத்தல் வேண்டும். பல இடங்களில் ஒரே ஆழத்தில் எடுத்துக் கலந்து, நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பகுதிகளை விலக்கி, அரைக் கிலோ அளவாகக் குறைத்தலே முறை.

எடுத்த பின்னரும் மண் வாளாவிருப்பதில்லை. அதில் வாழும் நுண்ணுயிர்கள் பைக்குள்ளும் தம் தொழிலைத் தொடரும். ஈரமண்ணைச் சில நாள் வெப்பத்தில் வைப்பின், மட்கிலுள்ள நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறிப் பெருகும். காற்றுப் புகாத பையில் நீர் மிக்கிருப்பின், அந்நைட்ரேட்டே சிதைந்து வாயுவாய் ஒழிதலும் உண்டு. உலர்த்திவிட்டால் தொல்லை தீருமோ எனின், முற்றும் தீராது. கென்யா நாட்டில் ஆராய்ந்த பர்ச் என்பார், உலர்ந்த மண் மீண்டும் நனையும்போது கரியமிலவாயுவும் நைட்ரஜனும் திடுமெனப் பெருகி வெளிப்படுதலை 1958இல் விளக்கினார். ஆகவே நைட்ரேட் அறிய வேண்டிய மண்ணைக் குளிர்ச்சியில் வைத்து விரைந்து அனுப்புதலும், பாஸ்பரஸ், பொட்டாஷ் முதலியவற்றிற்குரியதை நிழலில் உலர்த்துதலும் தக்கன. அடுப்பனலில் உலர்த்தினால் மாங்கனீசு இயல்பினும் மிகுதியாகக் கரைந்து தோன்றும்.

கருவியும் பொய் சொல்லும். நாகம் பூசிய வாளி துத்தநாகத்தையும், பித்தளைச் சல்லடை செம்பையும் மண்ணுக்குக் கடன் கொடுக்கும். பழைய உரச்சாக்கைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ!

காட்டின் நடுவே பனிக்கட்டிக்கு எங்கே போவது என வினவுவார் உளர். வினா நேரியதே. இயலாதது இயலாததாகுக, ஆனால் செய்தது இன்னதென எழுதி அனுப்புதல் யார்க்கும் இயலும். இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1843இல் தொடங்கிய ஆய்வுகளின் மண், நாளும் இடமும் ஆழமும் குறித்த புட்டிகளில் இன்றும் காக்கப்படுகிறது. அக்குறிப்பு இல்லையேல் அவை வெறும் புழுதிப் புட்டிகளே. நம் நாட்டிலோ மண் அள்ளுதல், வேலையற்று நிற்கும் எவரிடமும் ஏவத்தக்க சிறுபணியாக எண்ணப்படுகின்றது. விலையுயர்ந்த கருவிகள் வாங்கப்படும் இடத்தும் மண் எடுப்பவனுக்கு ஒருநாட் பயிற்சியேனும் அளிக்கப்படுவது அரிது. இது தகாது. தேரிமண்ணின் பையோடு செல்லும் சீட்டில் எடுத்த நாள், ஆழம், மரநிழலோ வெளியோ என்பது, உலர்த்திய முறை, எடுத்தவர் பெயர் ஆகிய ஐந்தும் இருத்தல் வேண்டும். அவையின்றி வரும் பையை ஆய்வுக்கூடம் திருப்பி அனுப்பினும் குற்றமில்லை.