பத்து ரூபாய்ச் சீட்டின் உண்மை விலை

பதிவு சற்று நீளமானது. பொறுமையுள்ள நண்பர்கள் வாசிக்க வேண்டுகிறேன். மாற்றுக் கருத்து இருப்பின் எழுதவும் வேண்டுகிறேன்.

மும்பை மாநகராட்சியின் பெரிய மருத்துவமனைகளில் புறநோயாளியாகச் செல்பவர் 10 ரூபாய் கொடுத்துக் 'கேஸ் பேப்பர்' எடுக்க வேண்டும். தாராவித் தமிழர் இதைச் 'சீட்டு' என்பர். நலவாழ்வுக் கொள்கை பற்றிய நம் கருத்தரங்குகளில் இந்த 10 ரூபாயைச் சுட்டிக்காட்டி, 'ஏறக்குறைய இலவச மருத்துவம்' என்று சொல்லிக் கடந்து விடுகிறோம். நானும் அப்படிச் சொல்லியும் எழுதியும் இருக்கிறேன். அது பிழையான கணக்கு என்பதை எனக்கு உணர்த்தியவர் ஆய்வறிஞர் அல்லர். தாராவியில் இட்லி விற்கும் ஓர் அக்கா.

தொண்ணூறு அடிச் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் அவருடைய வீடு. திருநெல்வேலிப் பக்கமிருந்து மணமாகி வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பின்னிரவு மூன்று மணிக்கு அடுப்பு மூட்டுவார். ஆறு மணி முதல் பத்து மணி வரை விற்பனை. இந்தி பேசுவார், மராத்தியில் எழுதப்பட்ட பலகைகளை வாசிக்க இயலாது. நீரிழிவு உண்டு. காலில் ஒரு புண் ஆறாமல் இருந்தது. களப்பணிக்காக அந்தத் தெருவுக்குப் போய்வந்து கொண்டிருந்த என்னிடம், "தம்பி, ஒரு நாளு கூட வாரியா, அங்க என்ன எழுதியிருக்குன்னு ஒண்ணும் வெளங்கல" என்றார். சென்றேன்.

காலை 7.10க்கு வரிசையில் நின்றோம். எட்டு மணிக்குச் சாளரம் திறந்தது. சீட்டு எடுத்து, மருத்துவர் அறைக்கு வெளியே அமர்ந்து, உள்ளே அழைக்கப்பட்டபோது மணி 10.40. இளம் மருத்துவர் கனிவாகவே பேசினார். நான்கு நிமிடத்தில் இரத்தப் பரிசோதனைக்கு எழுதி, அறுவைப் பிரிவுக்கு அனுப்பினார். இரத்தம் கொடுக்கத் தனி வரிசை. அறுவைப் பிரிவில் அன்றைய பதிவு முடிந்திருந்தது. வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். கடைசியாக மருந்துச் சாளரத்தில் ஒரு வரிசை. வெளியே வந்தபோது மதியம் 1.20. ஆறு மணி நேரத்துக்கும் மேலாகச் செலவழித்ததில் மருத்துவரின் முன் அமர்ந்திருந்தது நான்கு நிமிடம்.

திரும்பும் வழியில் அவர் சொன்னது இது: "சீட்டு பத்து ரூவா இல்ல தம்பி. ஒரு அண்டா மாவு. நாளைக்கு அது புளிச்சுப் போயிரும்."

வியாழனன்று மீண்டும் சென்றார். இரத்த அறிக்கை வந்து சேரவில்லை என்று அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அந்த அடுத்த வாரம் அவர் செல்லவில்லை. மாலையில் திறந்திருக்கும் சந்து மருத்துவரிடம் ஊசி போட்டுக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து, அதே மருத்துவமனையில் கால் விரல் ஒன்றை எடுக்க வேண்டியதாயிற்று. அவருடைய தாளில், குறித்த தேதிக்கு நோயாளி வரவில்லை என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அந்த வரி பொய்யன்று. ஆனால் அவர் ஏன் வரவில்லை என்பதை எழுத அந்தத் தாளில் இடமில்லை.

இந்த நிகழ்வுக்கு ஒரு மருத்துவரையோ ஒரு நிறுவனத்தையோ குற்றம் சாட்ட நான் முற்படவில்லை. என் வாதம் வேறு. காத்திருப்பு என்பது ஒரு கட்டணம். பணமாக வசூலிக்கப்படாததால் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாத கட்டணம். அன்றாடக் கூலியில் வாழ்பவரிடமிருந்தே அது மிகுதியாகப் பெறப்படுகிறது. மாதச் சம்பளக்காரர் விடுப்பு எடுக்கிறார். ஊழியர் காப்பீட்டுத் திட்டத்தில் உள்ள தொழிலாளிக்கு நோய்க்கால உதவித்தொகைக்கு வழி உண்டு. இட்லி விற்பவருக்கும் தோல் பட்டறையில் உருப்படிக் கணக்கில் உழைப்பவருக்கும் போன பொழுது போனதுதான்.

'கூட்டம் அதிகம், மருத்துவர் குறைவு, காத்திருக்காமல் என்ன செய்வது?' என்பது வழக்கமான மறுமொழி. இதில் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதியை முதலில் பார்ப்போம்.

வரிசைகளைக் கணிதமாக ஆராயும் துறையைக் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஏர்லாங் 1909-இல் தொடங்கி வைத்தார். அத்துறையின் மிக எளிய மாதிரியை எடுத்துக்கொள்வோம். ஒரே மருத்துவர், ஒருவரைப் பார்க்கச் சராசரி 5 நிமிடம், நோயாளிகள் முன்பதிவின்றி வருகிறார்கள். மருத்துவரின் நேரத்தில் 80 விழுக்காடு நிரம்பியிருந்தால் சராசரிக் காத்திருப்பு 20 நிமிடம். 90 விழுக்காடு என்றால் 45 நிமிடம். 95 விழுக்காடு என்றால் 95 நிமிடம். பளு சிறிதே கூட, காத்திருப்பு பன்மடங்காகிறது. ஆகவே, மருத்துவர் ஒரு நொடியும் ஓய்ந்திருக்கலாகாது என்று வடிவமைக்கப்படும் எந்த ஏற்பாடும் நோயாளிகளை நெடுநேரம் காக்க வைத்தே தீரும். மருத்துவரை இன்னும் விரைவுபடுத்துவதும் தீர்வாகாது. 2017-இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று, முதல்நிலை மருத்துவ ஆலோசனையின் சராசரி நேரம் வங்கதேசத்தில் 48 நொடி முதல் ஸ்வீடனில் 22.5 நிமிடம் வரை இருப்பதாகக் காட்டியது. இந்தியாவுக்குக் கிடைத்த அளவு இரண்டு நிமிடத்தைச் சற்றே தாண்டியது. இதற்கு மேல் சுருக்க என்ன இருக்கிறது? சுருக்கினால் அதே நோயாளி அதே நோயுடன் மீண்டும் வரிசைக்கு வருவார்.

ஆகவே மருத்துவர் எண்ணிக்கை கூட வேண்டும் என்பதில் ஐயமில்லை. மறுபாதிக்கு வருகிறேன். அக்காவின் ஆறு மணி நேரத்தில் மருத்துவர் பற்றாக்குறையால் வந்தது எவ்வளவு? வெறும் வயிற்றில் ஒருமுறை, உணவுக்குப் பின் இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை என்று இரத்தம் எடுப்பது நோயின் தேவை. அந்தக் காத்திருப்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சீட்டுக்கும் மருத்துவருக்கும் இரத்தத்துக்கும் மருந்துக்கும் தனித்தனியே நிற்பதும், ஒரு பிரிவின் பதிவு நேரம் மற்றொரு பிரிவின் முடிவு நேரத்தை அறியாதிருப்பதும், அறிக்கை வராதது வந்து நின்ற பிறகே தெரிவதும் பற்றாக்குறையால் விளைந்தவை அல்ல. அவை ஏற்பாட்டின் விளைவுகள். எல்லாரும் ஏழு மணிக்கே வந்து குவிவதும் மக்களின் ஒழுங்கின்மை அன்று. பதிவு சில மணி நேரத்தில் மூடப்படும் என்றால் முன்னதாக வருவதே அறிவுடைமை.

இதுவும் புதிய கண்டுபிடிப்பன்று. பிரித்தானிய மருத்துவமனைகளின் புறநோயாளர் வரிசைகளை ஆராய்ந்த வெல்ச், பெய்லி இருவரும் 1952-இலேயே 'லான்செட்' இதழில் எழுதினார்கள். மருத்துவரின் நேரம் வீணாகலாகாது என்று நோயாளிகளை முன்கூட்டியே குவித்து வைக்கும் வழக்கத்தை அவர்கள் கணக்கிட்டுப் பார்த்தனர். தொடக்கத்தில் இருவரை வரச்செய்து, பிறகு சராசரி ஆலோசனை நேர இடைவெளியில் ஒவ்வொருவராக அழைத்தால், மருத்துவர் ஓய்ந்திருக்கும் நேரம் அதிகம் கூடாமலே நோயாளியின் காத்திருப்பைப் பெரிதும் குறைக்கலாம் என்றார்கள். எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. வழி தெரியாததால் நாம் நிற்கவில்லை. நிற்பவரின் நேரத்துக்கு மதிப்பிடப்படாததால் நிற்கிறோம்.

இதைக் காண நான் தொலைவு செல்ல வேண்டியதில்லை. செம்பூரிலும் மாட்டுங்காவிலும் நம் நடுத்தர வர்க்கத் தமிழர் செல்லும் தனியார் மருத்துவர்களிடமும் காத்திருப்பு உண்டு. ஆனால் அங்கே கம்பவுண்டரின் கைபேசி எண் நம்மிடம் இருக்கிறது. "அண்ணா, எத்தனாவது நம்பர் போயிட்டிருக்கு?" என்று கேட்டுவிட்டு வீட்டிலிருந்து புறப்படுகிறோம். தாராவியிலிருந்து வருபவர் அரசு மரப்பலகையில் காத்திருக்கிறார். நாம் நம் வீட்டு நாற்காலியில் காத்திருக்கிறோம். நமக்குத் தகவல் கிடைக்கிறது, அவருக்குக் கிடைப்பதில்லை.

காத்திருப்பின் பங்கீடு அதிகாரத்தின் பங்கீட்டைப் பின்பற்றுகிறது என்று பாரி ஷ்வார்ட்ஸ் 1974-இல் எழுதினார். அர்ஜென்டினாவின் நலத்துறை அலுவலகங்களில் களப்பணி செய்த ஹாவியர் அவுயேரோ 2012-இல் வெளியிட்ட நூலில், ஏழைகளைத் திரும்பத் திரும்பக் காக்க வைப்பதன் வழியே அவர்கள் அடங்கிப் போகப் பழக்கப்படுகிறார்கள் என்றார். ஆங்கிலத்தில் 'பேஷண்ட்' என்ற ஒரே சொல் நோயாளியையும் பொறுமையுள்ளவரையும் குறிப்பது அவருக்கு வசதியாக அமைந்தது. தமிழில் நோயாளி என்பவர் நோயை உடையவர் மட்டுமே. அவர் பொறுமையையும் உடையவராக இருந்தாக வேண்டும் என்று நம் சொல் கேட்கவில்லை.

மாற்ற முடியும் என்பதற்குச் சான்று தாராவியிலேயே இருக்கிறது. 2020 ஏப்ரல் 1 அன்று அங்கே முதல் கொரோனாத் தொற்று கண்டறியப்பட்டது. ஏறத்தாழ இரண்டரைச் சதுர கிலோமீட்டரில் பல இலட்சம் பேர் வாழும் இடம். பெரும்பாலோர் பொதுக் கழிப்பறையை நம்பியிருப்போர். மாநகராட்சி, நோயாளி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. காய்ச்சல் முகாம்கள் தெருவுக்கு வந்தன. உள்ளூர்த் தனியார் மருத்துவர்களும் சேர்ந்து வீடு வீடாகச் சென்றார்கள். அவ்வாண்டு ஜூலையில் உலக நலவாழ்வு அமைப்பின் தலைவர் தாராவியைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். எப்போதும் நோயாளி மருத்துவரைத் தேடி நின்ற வரிசை, சில மாதங்கள் திசை மாறியது. அந்த நோய் ஊர் முழுவதையும் அச்சுறுத்தியதால் மாறியது. அக்காவின் கால்புண் அவரை மட்டுமே அச்சுறுத்தியது. ஆகவே பழைய வரிசையே நீடித்தது.

பெருந்தொற்று இல்லாமலும் இதைச் செய்யலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளை வீட்டுக்கே கொண்டு செல்கிறது. அத்திட்டத்தின் செயற்பாட்டில் விவாதிக்க நிறைய உண்டு. எனினும் மருந்து வாங்க மட்டும் வருபவர் வரிசையில் நிற்கத் தேவையில்லை என்ற எளிய அறிவு அதில் இருக்கிறது. மும்பையிலும் 2022 முதல் திறக்கப்பட்ட 'ஆப்லா தவாகானா' சிறு மருத்துவமனைகள் காலை மட்டுமின்றி இரவு வரையும் இயங்குமாறு திட்டமிடப்பட்டவை. கட்டடத்தை விட அந்த நேர அட்டவணையே எனக்கு முக்கியமாகப் படுகிறது. வேலை முடித்து வருபவருக்குத் திறந்திருக்கும் கதவுதான் உண்மையில் இலவசமான கதவு. ஆனால் சிறப்பு மருத்துவரைப் பார்க்க வேண்டிய கால்புண் இன்னும் காலை வரிசைக்கே அனுப்பப்படுகிறது.

ஓர் எதிர்வாதத்தை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். பயிற்சி மருத்துவர்கள் ஓய்வின்றி உழைக்கிறார்கள். நோயாளியின் உறவினர்களால் தாக்கப்படவும் செய்கிறார்கள். அவர்கள் மீது இன்னொரு சுமையா? இல்லை. எரிச்சலுற்ற கூட்டத்தின் முன் முதலில் நிற்பவர் அந்த இளம் மருத்துவர்தான். வரிசை குறைவது அவருக்கும் பாதுகாப்பு.

நான் கேட்பவை மூன்றே. ஒன்று: சீட்டு எடுத்த நேரமும் மருந்து பெற்ற நேரமும் அதே தாளில் பதியப்பட்டு, மாதந்தோறும் சராசரி வெளியிடப்பட வேண்டும். அளக்கப்படாத கட்டணம் குறையாது. இரண்டு: மறுவருகைக்குத் தேதியுடன் மணியும் குறிக்கப்பட வேண்டும், அறிக்கை தயாரா என்பது குறுஞ்செய்தியில் தெரிய வேண்டும். மூன்று: நீரிழிவு போன்ற நெடுங்கால நோய்களுக்கு வாரத்தில் இரு நாளாவது சிறப்புப் பிரிவுகள் மாலையில் இயங்க வேண்டும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'சிகிச்சையைப் பாதியில் கைவிட்டோர்' என்று நம் தரவுகளில் வரும் நிரலை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உரிய அனுமதி பெற்று ஒரு நாள், ஒரு புறநோயாளர் பிரிவில், ஒரு கடிகாரத்துடன் அமருங்கள். அன்று வருபவரிடம் இந்த நேரத்தில் வழக்கமாக என்ன வேலை செய்துகொண்டிருப்பார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெரிய நிதியுதவி வேண்டாத ஆய்வு இது. நானும் தொடங்கியிருக்கிறேன், சேர விரும்புவோர் சொல்லுங்கள்.

அக்கா இப்போது மீண்டும் இட்லி விற்கிறார். நடை சற்றுச் சாய்ந்திருக்கிறது. அடுத்த மாதம் மறுபரிசோதனைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். மணி குறிக்கவில்லை.