வாடகைப் பாட்டு

ஒரு சின்னக் கேள்வி. உங்களுக்குச் சொந்தமாக எத்தனை பாட்டு இருக்கிறது?

செல்போனைத் தூக்கிக் காட்டாதீர்கள். அது கணக்கில் வராது. ஏன் என்று சொல்கிறேன்.

போன வாரம் பரணை ஒழித்தபோது ஓர் அட்டைப்பெட்டி அகப்பட்டது. மேலே என் கையெழுத்தில் ‘டிசம்பர்’. உள்ளே கிறிஸ்துமஸ் ஆல்பங்கள். 1963-ல் வந்த ஜிம் ரீவ்ஸின் ‘ட்வெல்வ் சாங்ஸ் ஆஃப் கிறிஸ்துமஸ்’, 1981-ல் வந்த போனி எம்மின் ‘கிறிஸ்துமஸ் ஆல்பம்’, கூடவே எல்விஸ், ரெண்டு மூணு சி.டி. எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கிடையாது. எல்லாம் பக்கத்து வீட்டு அங்கிள் ஏற்படுத்திய பழக்கம். பி.காம். படிக்கிற நாளில், அவர் வீட்டு ரெக்கார்டு ப்ளேயர் முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து, மூச்சு விடாமல் உட்கார்ந்து ஜிம் ரீவ்ஸைப் பதிவு செய்தேன். காப்பிரைட் சட்டப்படி தப்புதான். ஒப்புக்கொள்கிறேன்.

பழைய ப்ளேயரைத் தூசி தட்டிப் போட்டால், ஆச்சரியம், ஓடுகிறது! ரெண்டாவது பாட்டு முடிகிற இடத்தில், ‘‘காபி ஆறுது தம்பி’’ என்று ஆன்ட்டியின் குரல். ஆன்ட்டி இன்று இல்லை.

‘‘இதே பாட்டெல்லாம் போன்லயே இருக்கேப்பா, க்ளியரா! எதுக்கு இந்தக் குப்பை?’’ என்றாள் மகள்.

நியாயமான கேள்வி. அதற்குத்தான் இந்தப் பதில்.

காமர்ஸ் படித்தவனுக்கு ஒரு வசதி, வாடகைக்கும் சொத்துக்கும் வித்தியாசம் தெரியும். இருபது வருஷம் வாடகை கட்டினாலும் வீடு உங்கள் பேலன்ஸ் ஷீட்டில் சொத்துப் பக்கம் ஏறாது. மாதச் சந்தா கட்டிக் கேட்கிற பாட்டும் அப்படித்தான். ஓனர் சொன்னால் காலி செய்ய வேண்டியது நீங்கள்.

மிகைப்படுத்துகிறேன் என்கிறீர்களா? 2023 மார்ச்சில் ஸ்பாட்டிஃபைக்கும் ஜீ மியூசிக்குக்கும் ஒப்பந்தம் படியவில்லை. இந்திப் பாட்டுகள் கொத்துக் கொத்தாகக் காணாமல் போயின. கேட்டுக்கொண்டிருந்தவர்களிடம் யாரும் அனுமதி வாங்கவில்லை. 2024-ல் ஏர்டெல் தன் விங்க் மியூசிக் செயலிக்கே மூடுவிழா நடத்தியது. பாட்டு மட்டுமில்லை. 2009-ல் அமேசான், காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே ஒரு புத்தகத்தை ராத்திரியோடு ராத்திரியாக அழித்தது. எந்தப் புத்தகம்? ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’. ஆர்வெல் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

‘கம்பெனிக்காரனிடம் ஒரிஜினல் பத்திரமாக இருக்குமே’ என்பது அடுத்த வாதம். பிங் கிராஸ்பி பாடிய ‘வைட் கிறிஸ்துமஸ்’ 1942-ல் வெளியானது. பிரதி எடுத்து எடுத்தே அதன் மூலப் பதிவு தேய்ந்துபோய், 1947-ல் மறுபடி பாட வைத்தார்கள். இன்று நாம் பெரும்பாலும் கேட்பது அந்த இரண்டாவது பதிவைத்தான். கம்பெனியிடமே தேய்ந்துபோன அந்த முதல் குரல், அன்று காசு கொடுத்து வாங்கியவர்கள் வீட்டு இசைத்தட்டுகளில் இருந்தது. சேகரித்து வைப்பவனைப் பைத்தியக்காரன் என்கிறோம். பல நேரம் அவன்தான் காவல்காரன்.

எதிர்க்கட்சிக்கும் ஒரு பாயின்ட் தருகிறேன். பிரெண்டா லீ 13 வயதில் பாடி 1958-ல் வந்த கிறிஸ்துமஸ் பாட்டு, 65 வருஷம் கழித்து 2023 டிசம்பரில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. செயலிகள் இல்லாமல் இது நடந்திருக்காது. வாழ்க! ஆனால், வருஷா வருஷம் மேலே வருவது அதே இருபது முப்பது பாட்டுதான். எல்லோரும் கேட்பதையே உங்களுக்கும் ஊட்டிவிடுகிறது செயலி. ஜிம் ரீவ்ஸின் ‘ஆன் ஓல்ட் கிறிஸ்துமஸ் கார்ட்’ அதற்கு ஞாபகம் வருவதில்லை. எனக்கு வந்தது, பெட்டியில் இருந்ததால்.

செயலியைத் தூக்கிப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வாடகைக்கும் இருங்கள், ஒரு சென்ட் நிலமும் வாங்குங்கள். உங்களால் விட முடியாத பத்து ஆல்பங்களைக் காசு கொடுத்து வாங்குங்கள், சி.டி.யாகவோ கோப்பாகவோ. ரெண்டு இடத்தில் பிரதி வையுங்கள். யார் அறிமுகம் செய்தது, எந்த வருஷம் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் போடுங்கள். பழைய கேசட் இருந்தால் பூஞ்சை பிடிப்பதற்குள் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள். கேசட்டும் சாகும், அதையும் மறக்காதீர்கள்.

கடைசியாகக் கேட்கிறேன். உங்கள் பிள்ளைகளுக்கு எதை விட்டுப் போவீர்கள்? பாஸ்வேர்டையா? சந்தா நின்ற மாதமே அதுவும் செல்லாக்காசு.

ஜிம் ரீவ்ஸ் லட்சம் பேரிடம் இருப்பார். ‘காபி ஆறுது தம்பி’ என் பெட்டியில் மட்டும்தான் இருக்கிறது. அதற்கு எந்தக் கம்பெனி லைசென்ஸ் தரும்?