வெயிலுக்கு அஞ்சாத காளான்

காளான் என்றதும் நம் ஊரில் இரண்டு பேச்சு கேட்கும். “அது ஊட்டிச் சரக்கு, பணக்காரர் பண்டம்” என்பார் ஒருவர். “மழை பெய்தால் வேலியோரம் சும்மா கிடைக்குமே” என்பார் மற்றொருவர். இரண்டும் சரியல்ல.

சாத்தூர் என்றால் சேவு, வெள்ளரிக்காய். வெயிலும் கூடத்தான்! அந்த வெயிலிலும் வளரும் காளான் ஒன்று உண்டு. அதுதான் பால் காளான். கடையில் விற்கும் மொட்டுக் காளானுக்குக் குளிர்ச்சி வேண்டும். பால் காளானோ 30 முதல் 35 டிகிரி வெப்பத்தில் செழிக்கும்.

பக்கத்து ஊர் ரகம்

அருப்புக்கோட்டையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து 1998-ஆம் ஆண்டு ஒரு பால் காளான் ரகம் வந்தது. பெயர் ஏ.பி.கே.2. அருப்புக்கோட்டையின் பெயரைச் சுருக்கி வைத்த பெயர் அது. வைக்கோலும் ஈரமும் சிறு கொட்டகையும் இருந்தால் வளர்க்கலாம். தீப்பெட்டி, பட்டாசு வேலையை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு இது ஒரு பக்க வருமானம் ஆகலாம். முதலில் பயிற்சி பெறுங்கள். வாங்குவோர் யார் என்று விசாரியுங்கள். சிறிய அளவில் தொடங்குங்கள்.

உணவா, மருந்தா?

காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். கொழுப்பு மிகக் குறைவு. புரதம், நார்ச்சத்து, ‘பி’ வைட்டமின்கள் உண்டு. ஆனால் இதை நம்பிப் பருப்பையும் முட்டையையும் தள்ளிவிடக் கூடாது. “சர்க்கரை நோயைத் தீர்க்கும்” என்று சொல்லி விற்றால் நம்பாதீர்கள். காளான் நல்ல உணவு, மருந்து அல்ல.

சமைக்கும் விதம்

சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளியை வதக்குங்கள். நறுக்கிய காளானைப் போட்டு மூடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம்; காளானே நீர் விடும். நீர் வற்றியதும் மிளகுத்தூள் தூவி இறக்குங்கள். தண்டு சற்றுக் கடினம். அதைப் பொடியாக நறுக்குங்கள். பச்சையாகத் தின்ன வேண்டாம். முதல் முறை உண்பவர் கொஞ்சமாக உண்ணட்டும்.

உயிரோடு விளையாட்டு

புற்றுக் காளானைப் பார்த்ததும் அறியும் பெரியவர்கள் கிராமத்தில் உண்டு. மற்றவர்கள் காட்டுக் காளானைப் பறிக்கவே கூடாது. விஷக் காளான் சில, நல்ல காளானைப் போலவே இருக்கும். வெள்ளிக் காசு போட்டால் கறுக்கும் என்பது வீண் நம்பிக்கை. வேகவைத்தாலும் சில விஷம் போகாது. பல மணி நேரம் கழித்தே வாந்தி வரும், ஈரல் கெட்டுவிடும். சந்தேகம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

தாய்மார்களே! வேலியோரத்துக் காளானை விட்டுவிடுங்கள். நம் வெயிலில் விளைந்த காளானை வாங்குங்கள். வீட்டுக்கும் நலம், விளைவித்தவருக்கும் பிழைப்பு.