கடலோரத்துத் தேன்பெட்டி

சாந்தோம் பேராலயத்திற்குக் கிழக்கே சற்றுத் தொலைவில் கடல் தொடங்கிவிடுகிறது. அப்பகுதியில் மொட்டைமாடியில் தேனீப்பெட்டி வைத்துத் தொழில் தொடங்க எண்ணும் இளைஞர் முதலில் கணக்கிட வேண்டியது இந்தக் கடலைத்தான். இந்தியத் தேனீ பெட்டியிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவு வரை பறந்து இரை தேடும். சாந்தோமில் வைத்த பெட்டிக்கு அவ்வட்டத்தில் ஏறக்குறையப் பாதி உப்புநீர். எஞ்சிய பாதியில் புங்கை, வேம்பு, தென்னை, முருங்கை உண்டு. அவற்றைவிட மிகுதியாக வீடுகள் உண்டு. அங்கே இரண்டு பெட்டிகள் வைத்துத் தேனீயின் வாழ்வைக் கற்கலாம். அவற்றைக் கொண்டு குடும்பம் நடத்த இயலாது.

தமிழகத்தில் இத்தொழில் வேரூன்றிய இடம் மார்த்தாண்டம். அதற்கு முன்பே, திருச்சிராப்பள்ளியில் நியூட்டன் பாதிரியார் இந்தியத் தேனீயின் உடலளவிற்கேற்ற சிறு பெட்டியை வடிவமைத்து, 1911 முதல் 1917 வரை பலருக்குப் பயிற்சியளித்தார். அப்பெட்டி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. ஊரக மறுசீரமைப்பு மையம் தேனீ வளர்ப்பை உழவர் வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுசென்றது. அங்கு எடுக்கப்படும் தேனின் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதன்று என்பது பலரும் அறியாத செய்தி. ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்விடும் தை, மாசி, பங்குனி மாதங்களில் இலைக்காம்பின் நுனியிலுள்ள சுரப்பிகளில் இன்னீர் ஊறும். தேனீக்கள் அதையே சேர்க்கின்றன. மழைக்காலத்தில் உணவு குன்றும். சர்க்கரைக் கரைசல் ஊட்டிக் கூட்டத்தைக் காக்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்னும் நச்சுயிரி நோய் பரவியபோது புழுக்கள் நீர்ப்பை போல் ஊதி மடிந்தன. தென்னிந்தியாவில் பெட்டிகளுள் பெரும்பகுதி வெறுமையாயின. மீண்டும் தொடங்கியவர்கள், நோயைத் தாங்கி எஞ்சிய கூட்டங்களைப் பிரித்துப் பிரித்தே பெருக்கினர்.

நோயைப் போலவே சந்தையும் நிலையற்றது. இந்தியாவின் ஏற்றுமதித் தேனில் பெரும்பகுதி, வட மாநிலங்களின் கடுகு வயல் போன்ற இடங்களில் இத்தாலியத் தேனீ சேர்ப்பது. அதை முதன்மையாக வாங்கும் நாடு அமெரிக்கா. அந்நாடு 2022இல் இந்தியத் தேன்மீது பொருள்குவிப்புத் தடுப்பு வரி விதித்தது. 2024 மார்ச்சில் இந்திய அரசு டன்னுக்கு 2,000 டாலர் என ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச விலை வகுத்தது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் பலவற்றின்மீது அமெரிக்கா சுமத்திய வரி 50 விழுக்காட்டை எட்டியது. மார்த்தாண்டத்து ரப்பர் தேனுக்கும் இதற்கும் என்ன தொடர்பு எனலாம். கப்பலேறாத தேன் உள்நாட்டுச் சந்தைக்கே திரும்பும். அப்போது மொத்த வணிகர் தரும் விலை இறங்கும். பாகு கலந்த மலிவுத் தேனும் அதே சந்தையில்தான் நிற்கிறது. 2020 டிசம்பரில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் வெளியிட்ட ஆய்வில், 13 வணிகப் பெயர்களுள் எல்லாச் சோதனைகளிலும் தேறியவை மூன்றே. நிறுவனங்கள் அம்முடிவை மறுத்தன. வாங்குவோரின் ஐயம் மட்டும் நீங்கவில்லை.

அந்த ஐயமே சிறு தொழில்முனைவோருக்குரிய வாய்ப்பு. டன் கணக்கில் விற்பவருடன் அவர் போட்டியிடுவது தகாது. இத்தேன் எந்தத் தோப்பில் எந்த மாதம் எடுக்கப்பட்டது என்று அவரால் சொல்ல முடியும். பெருநிறுவனத்துக்கு அது எளிதன்று. சாந்தோம் பயன்படும் இடம் இதுவே. பெட்டிகள் தோப்புள்ள ஊரில் இருக்கட்டும். விற்பனை சாந்தோம், மயிலாப்பூர், மந்தைவெளி வீடுகளில் நடக்கட்டும். ஆனால் தேனீக்கள் மெழுகால் மூடிய அறைகளிலிருந்து மட்டுமே தேன் எடுக்க வேண்டும். இல்லையேல் ஈரப்பதம் உணவுப் பாதுகாப்பு விதி வகுத்த 20 விழுக்காட்டைக் கடக்கும். தேன் புளித்துப் பொங்கிக் குப்பியின் மூடியைத் தள்ளும். முதல் குப்பி புளித்த வீட்டில் இரண்டாம் குப்பியை எவரும் வாங்கார்.

கடன் வாங்கி 50 பெட்டிகளுடன் தொடங்குமாறு அறிவுரை கூறுவோர் உளர். 5 பெட்டிகளுடன் ஓர் ஆண்டின் எல்லாப் பருவங்களையும் கடந்து பார்ப்பதே தக்கது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பயிற்சி பெறலாம். ஆயினும் மெலிந்த கூட்டத்தை இனங்காணும் கண், பெட்டியைத் திறந்து பார்த்துப் பார்த்தே வரும். ஐந்தில் இரண்டு ஆடி மழையில் காலியானால் இழப்பு சில ஆயிரம் ரூபாய். ஐம்பதில் இருபது காலியானாலோ, மாதத் தவணை அதற்காக நிற்கப் போவதில்லை.