ஏரிக்கரை நகரும் எம்மூர்க் கண்மாயும்

அயல்நாடு சென்று மீண்டோர் தாம் கண்டவற்றை எடுத்துரைக்கக் கேட்பது இந்நாளில் அரிதன்று. சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வ. புதுப்பட்டி இல்லத்திற்கு என் பெரியப்பா வந்திருந்தார். அவர் பத்து நாளில் ஐந்து ஐரோப்பிய நாடுகளைச் சுற்றி மீண்டவர். சுவிட்சர்லாந்து தேயத்து ஜினீவா நகரைக் காண வேண்டும் என்னும் வேட்கை எனக்கு நெடுநாளாக உண்டு. ஆதலின், "பெரியப்பா, ஜினீவாவில் எவற்றையெல்லாம் கண்டீர்கள்?" என ஆவலுடன் வினவினேன். "பெரிய ஏரி, வானளாவ எழும் நீரூற்று, பூக்களால் அமைத்த கடிகாரம். அரை நாளில் வேறென்ன பார்ப்பது, தம்பி?" என்றார் அவர். இத்துணைப் பொருள் செலவிட்டுக் கண்டது இவ்வளவுதானா என்று நான் நகைத்தேன். அவர் சினந்தாரல்லர். "நீ தமிழ் படிக்கிறவன், திருப்பாவை பாடமென்றாய். ஸ்ரீவில்லிபுத்தூரில் நீ என்ன பார்த்தாய்?" என்று மட்டும் கேட்டார். நான் விடையின்றி நின்றேன்.

அவ்வூர் எங்கள் ஊரிலிருந்து சிறிது நேரப் பேருந்துப் பயணத்தில் உள்ளது. பேருந்தின் சாளரத்தினூடே அக்கோபுரத்தைக் கண்ட நாட்கள் எண்ணில. ஆயினும் இறங்கி அதனடியில் நின்ற நாள் ஒன்றேனும் இல்லை. கிறிஸ்தவக் குடியிற் பிறந்த எனக்கு ஆங்கு யாது வேலை என்று இருந்துவிட்டேன். தேர்வுக்காக முப்பது பாசுரங்களையும் நெட்டுருச் செய்த நான், அவற்றைப் பாடியவள் நடந்த தெருவை மிதித்திலேன். பெரியப்பாவாவது அரை நாள் நின்றார். நான் அதுவும் நின்றிலேன்.

நிற்க. ஜினீவாவில் காணத்தக்கவைதாம் யாவை? ரோன் ஆறு ஏரியினின்று வெளிப்படும் இடத்தில் அமைந்தது அந்நகர். 16-ஆம் நூற்றாண்டில் சமயத்தின்பொருட்டுப் பிரெஞ்சு நாட்டினின்று துரத்தப்பட்டோர்க்கு அது புகலிடமாயிற்று. ஆங்குக் கால்வின் 1559-இல் ஒரு கல்விக் கழகத்தை நிறுவினார். வந்தேறியோரின் கைத்திறனும் சேர்ந்து அந்நகரின் கடிகாரத் தொழிலை வளர்த்தது. போர்க்களத்தில் காயமுற்றோரைப் பகைவரென்று பாராது பேணும் செஞ்சிலுவை இயக்கம் 1863-இல் தோன்றியதும் ஆங்கேயாம்.

இவற்றினும் என் உள்ளத்தைத் தொட்டது வேறொன்று. கொள்கை மாறுபட்டதற்காகச் செர்வீட்டஸ் என்பாரை 1553-இல் அந்நகரத்தார் உயிருடன் எரித்தனர். அவருக்கு மரண தண்டனை விதிப்பதற்குக் கால்வினும் உடன்பட்டார். முந்நூற்றைம்பது ஆண்டு கழித்து, 1903-இல், அக்கால்வினைப் பின்பற்றுவோரே அப்பிழையை ஒப்புக்கொண்டு ஆங்கு ஒரு கல் நாட்டினர். அந்நகரிற் பிறந்த ரூஸ்ஸோவின் நூல்களை 1762-இல் எரித்தனர். 1835-இல் அவர்க்குச் சிலை எடுத்தனர். தன் புகழைக் கல்லில் எழுதாத நகர் இல்லை. தன் பிழையை எழுதும் நகர் அரிது. பண்பாடு என்பதை இத்தகைய இடத்தன்றோ காணவேண்டும்?

நீரூற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. தொழிற்கூடங்களின் பொறிகளை நீரின் விசையால் இயக்கிய காலத்தில், மிகுந்த அழுத்தத்தைத் தணிப்பதற்காக 1886-இல் அமைத்த போக்கே அதன் தொடக்கம். 1891-இல் அதனை ஏரி முகத்திற்கு மாற்றி அழகுபடுத்தினர். இன்று அது 140 மீட்டர் உயரம் எழுகின்றது. ஏரியின் தெளிவும் தானே வந்ததன்று. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் கழிவுநீராலும் சலவைப் பொடிகளாலும் அது கெடலாயிற்று. ஏரியைப் பங்கிட்டுக்கொண்ட சுவிட்சர்லாந்தும் பிரான்சும் 1963 முதல் பொதுக்குழு ஒன்றின் வழியே அதனைக் காத்து வருகின்றன. துணி வெளுக்கும் பொடிகளில் பாஸ்பேட் சேர்ப்பதைச் சுவிட்சர்லாந்து 1986-இல் விலக்கிற்று. நம்மவர் படம் பிடித்து வரும் நீல நிறம், அவ்வூரார் பல்லாண்டு உழைத்துப் பெற்ற கூலியாகும்.

இனி, உள்ளூரில் இல்லாத எது அயலூரில் உண்டு என்பாரும் உளர். அவர் கூற்று எனக்கு உடன்பாடன்று. பிறர் ஏரியின் வரலாற்றைக் கேட்டபின்னரே, மேற்குத் தொடர்ச்சி மலையடியில் உள்ள எங்கள் கண்மாய்களைப் பற்றி நான் எண்ணத் தொடங்கினேன். முன்னாளில் குடிமராமத்து என்னும் முறையால் ஊரார் தாமே கூடி வரத்துக்காலைச் செப்பனிட்டுக் கரையைக் காத்தனர். இன்று நாம் கருவேல முள் மண்டிய கரையில் நின்று, ஜினீவாவின் அழகை வியந்து பேசுகின்றோம். செல்வது குற்றமன்று; கேளாமற் செல்வதும், கொணராமல் மீள்வதுமே குற்றம்.

பெரியப்பா ஊர் திரும்பிய மறுவாரம் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினேன். பதினொரு நிலைக் கோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து நோக்கினேன். பின்பு தேரோடும் வீதியில் நடந்தேன். பூத்தொடுத்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், "எந்த ஊர், ஐயா?" என்றார். ஊரைக் கூறினேன், என் சமயத்தையும் மறைத்திலேன். "அதனால் என்ன? எங்கள் ஆண்டாளைப் பார்க்கத்தானே வந்தாய்!" என்று கூறி, பெரியாழ்வார் துளசிச் செடியின் அருகே குழவியைக் கண்டெடுத்ததாகச் சொல்லப்படும் நந்தவனத்திற்கு வழி காட்டினார். சூடிக் கொடுத்த மாலையின் கதையை ஏட்டில் எத்தனையோ முறை படித்துள்ளேன். அம்மூதாட்டியின் விரல்களில் நார் ஓடக் கண்டபோதுதான் அது எனக்கு விளங்கிற்று. என் சமயம் ஒரு சிறிதும் குறையவில்லை. என் தமிழ் சற்றே வளர்ந்தது.

ஜினீவா செல்லும் வேட்கை இன்னும் எனக்கு உண்டு. இறைவன் அருளால் ஒருநாள் செல்வேனாயின், செர்வீட்டஸின் கல்லருகே முதலில் நிற்பேன். ஆங்குள்ளார் எவரேனும், "உம் ஊரில் காணத்தக்கது யாது?" என வினவினால், இனி நான் விடையின்றி நிற்கவேண்டுவதில்லை. மாணவ நண்பர்களே, நீவிரும் கடல் கடக்குமுன் அவ்வினாவிற்கு விடை தேடிக்கொள்வீராக!