மண்மேடுதானே என்று விட்டுவிடலாமா?

சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்தின் முன்னால் நின்று ஸ்டாம்ஃபர்ட் சாலையைப் பாருங்கள். பேருந்துகளும் கார்களும் இடைவிடாமல் சென்றுகொண்டிருக்கும். ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பகுதியில் ஒரு நீண்ட மதில் இருந்தது. மண்ணைக் குவித்து எழுப்பிய மதில் அது. இன்று அதில் ஓர் அடிகூட மிஞ்சவில்லை.

அப்படி ஒரு மதில் இருந்தது நமக்கு எப்படித் தெரியும்? 1822-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், சயாமுக்குத் தூதராகச் செல்லும் வழியில் ஜான் கிராஃபர்ட் என்பவர் சிங்கப்பூரில் தங்கினார். அவர் அந்த மதிலை ஒட்டி நடந்து, தாம் கண்டவற்றைக் குறித்து வைத்தார். அடிப்பகுதியின் அகலம் சுமார் 16 அடி. உயரம் எட்டு அல்லது ஒன்பது அடி. கடற்கரையிலிருந்து குன்றின் அடிவாரம் வரை ஏறக்குறைய ஒரு மைல் தூரத்துக்கு அது நீண்டிருந்தது. மதிலின் காலடியில் ஓடிய சிற்றோடையே அதற்கு அகழியாகவும் அமைந்திருந்தது. குன்றை நெருங்கும் இடத்தில் நீரற்ற பள்ளம் ஒன்றின் தடமும் தெரிந்தது.

கிராஃபர்ட் அளவுகளோடு நின்றுவிடவில்லை. மதிலில் துப்பாக்கி நீட்டுவதற்கான துளைகள் இல்லை. கடற்பக்கம் அரணே இல்லை. ஆகவே, வெடி ஆயுதங்களையோ கடல்வழித் தாக்குதலையோ எதிர்பார்த்து இதைக் கட்டவில்லை என்று அவர் முடிவு செய்தார். பார்க்கத் தெரிந்தவருக்கு வெறும் மண்மேடும் இவ்வளவு செய்திகளைச் சொல்லும்.

14-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சீனப் பயணி வாங் தாயுவானின் நூலும் இங்கே துணைக்கு வருகிறது. சயாமியர் எழுபதுக்கும் மேற்பட்ட படகுகளில் வந்து தெமாசெக்கைத் தாக்கினர் என்றும், நகர மக்கள் வாயிலை அடைத்துக்கொண்டு ஒரு மாதம் தாக்குப்பிடித்தனர் என்றும் அவர் எழுதியுள்ளார். அந்த மக்களைக் காத்தது இந்த மதிலாகவே இருக்கலாம். 1984-இல் ஃபோர்ட் கேனிங் குன்றில் நடந்த அகழாய்வில் 14-ஆம் நூற்றாண்டுப் பீங்கான் துண்டுகளும் கண்ணாடி மணிகளும் கிடைத்தன. அவற்றை நாம் கண்ணால் பார்க்கலாம். மதிலையோ மனக்கண்ணால் மட்டுமே பார்க்க முடியும்.

கல்லாலான கோட்டை இடிந்தாலும் மக்கள் அதைக் கோட்டை என்றே அறிவார்கள். மண்ணாலான அரணோ புல் முளைத்தபின் சாதாரண மேடாகத் தோன்றும். அதனால்தான் அது எளிதில் அழிகிறது. இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். அங்கே இடைக்காலத்தில் சிறு நிலக்கிழார்கள் தம் வீட்டைச் சுற்றி அகழி வெட்டினார்கள். அத்தகைய இடங்கள் சுமார் 6,000 கண்டறியப்பட்டுள்ளன. பலவற்றில் வீடு இல்லை. புல் மூடிய பள்ளம் மட்டுமே உண்டு. ஆயினும் அவற்றுள் பல சட்டப் பாதுகாப்புப் பெற்றவை. அனுமதியின்றி யாரும் அங்கே தோண்ட முடியாது.

“அது பெரிய நாடு. நிலப்பற்றாக்குறை உள்ள நமக்கு வீடு முக்கியமா, மண்மேடு முக்கியமா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எல்லாவற்றையும் காப்பாற்ற நம்மால் இயலாது. ஆனால், அழிப்பதற்கு முன் ஆராய்ந்து பதிவு செய்ய நம்மால் இயலும். 2015-இல் எம்ப்ரஸ் பிளேஸ் பகுதியில் சீரமைப்புப் பணிக்கு முன்பு அகழாய்வு நடத்தப்பட்டது. சில மாதங்களில் டன் கணக்கில் பழம்பொருள்கள் கிடைத்தன. பணியும் நடந்தது, வரலாறும் பிழைத்தது. பழைய குடியிருப்பு இருந்த எந்த இடத்திலும் இதுவே வழக்கமாக வேண்டும் என்பது என் கருத்து.

மாணவர்களாகிய உங்களுக்கும் இதில் பங்குண்டு. உங்கள் வட்டாரத்தின் பழைய வரைபடத்தை நூலகத்தில் தேடிப் பாருங்கள். காரணமின்றி வளையும் சாலை, தனித்து நிற்கும் மேடு, பெயரில் மட்டும் வாழும் ஓடை ஆகியவற்றைக் கவனியுங்கள், படம் எடுங்கள், குறித்து வையுங்கள். அன்று கிராஃபர்ட் ஒரு காலைப்பொழுது நடந்து எழுதியிராவிட்டால், அந்த மதிலைப் பற்றி நாம் இன்று இவ்வளவு தெளிவாக அறிந்திருக்க மாட்டோம்.